கடை பதிப்பகம் ஆகுமா?

ஓர் ஏற்பாட்டை மதிப்பிடுவதானால், அது எங்கே மிக வலுவாக நிற்கிறதோ அங்கே வைத்துச் சோதிப்பதே நியாயம். தமிழ் எழுத்தாளர் தம் நூல்களை அமேசான் கிண்டில் என்னும் ஒரே கடையை நம்பி வெளியிடலாமா என்ற கேள்வியைச் சென்னையில் கேட்டால் விடை எளிதாக வந்துவிடும். அங்கே பதிப்பகங்கள் உண்டு. ஆண்டுதோறும் புத்தகக் காட்சி உண்டு. மாற்று வழி கண்ணெதிரிலேயே இருக்கிறது. பெங்களூரு சிவாஜிநகரில் நிலைமை வேறு. 1809இல் கண்டோன்மென்ட் உருவான காலந்தொட்டுத் தமிழர் வாழும் பகுதி இது. ரஸல் மார்க்கெட்டைச் சுற்றிய தெருக்களில் தமிழ் நாள் முழுக்கக் காதில் விழும். ஆனால், இங்கு வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். அருகிலிருக்கும் சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகள் பெரும்பாலும் ஆங்கில நூல்களால் வாழ்பவை. அல்சூர் ஏரிக்கரையிலுள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும், 2022 டிசம்பரில் அங்கே நடந்ததைப் போன்ற தமிழ்ப் புத்தகத் திருவிழாவும் ஆறுதல் தருபவை. ஆயினும் அவை ஆண்டு முழுவதற்குமான சந்தை ஆகா. இங்கிருந்து எழுதுகிற ஒருவருக்குக் கிண்டில் ஏறத்தாழ ஒரே திறந்த வாசலாகத் தெரிவதில் வியப்பில்லை. ஒரே கடையைச் சார்ந்திருப்பதற்கான வாதம் இங்கேதான் மிக வலுவானது. இங்கே அது தேறாவிட்டால் வேறெங்கும் தேறாது.

மதிப்பீட்டின் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். அமேசான் நல்ல நிறுவனமா கெட்ட நிறுவனமா என்பது நம் வினா இல்லை. 2016 டிசம்பரில் கிண்டில் தமிழுக்குத் திறக்கப்பட்டது. தொடர்ந்து, எழுத்தாளர் எவரும் தாமே நூலை ஏற்றி விற்கும் வசதியும் தமிழுக்கு வந்தது. அந்த வசதியை ஓர் எழுத்தாளர் தம் முழுமுதற் பதிப்பு முறையாகக் கொள்ளலாமா என்பதே வினா. அளவுகோல்கள் நான்கு: வாசகரை எட்டும் வீச்சு, வருவாயும் கணக்கின் நேர்மையும், படைப்பு வடிவத்தின் சுதந்திரம், நூலின் நிலைபேறு. எந்தப் பதிப்பு முறையையும் இவற்றால் அளக்கலாம். ஆகவே கிண்டிலுக்கென்று தனிச் சலுகையும் இல்லை, தனிக் கடுமையும் இல்லை.

வீச்சில் கிண்டிலின் சாதனை மறுக்க முடியாதது. சிவாஜிநகரில் எழுதப்பட்ட நாவலை டொரோண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழர், வெளியான அன்றைக்கே வாங்கிவிட முடிகிறது. அச்சு நூலென்றால் தபால் செலவு நூலின் விலையையே மிஞ்சும். மறுபதிப்பு காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்த நூல்கள் பல, கிடங்குச் செலவில்லாத இம்முறையால் மீண்டும் வாசகர் கைக்கு வந்தன. பெங்களூரையே தளமாகக் கொண்ட புஸ்தகா போன்ற மின்னூல் நிறுவனங்கள் மூத்த எழுத்தாளர்களின் நூல்களை ஆயிரக்கணக்கில் மின்வடிவாக்கியபோது, அவற்றை வாசகரிடம் சேர்த்த வழிகளில் முதன்மையானது இந்தக் கடை. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. அத்தியாவசியப் பொருள்கள் தவிர மற்றவற்றின் விநியோகம் நின்றது. அச்சு நூல் அத்தியாவசியப் பட்டியலில் இல்லை. அந்த வாரங்களில் தடையின்றி நடந்தது மின்னூல் விற்பனை. முதல் அளவுகோலில் கிண்டில் முழுமையாகத் தேறுகிறது.

இரண்டாவது அளவுகோலிலும் நிறை பெரிது. தமிழ்ப் பதிப்புலகில் எழுத்தாளருக்கான உரிமத்தொகை பொதுவாக 10 விழுக்காடு. அதிலும் எத்தனை பிரதி அச்சானது, எத்தனை விற்றது என்ற கணக்கு கேட்டாலும் கிடைக்காத எழுத்தாளர்கள் ஏராளம். கிண்டிலில் எழுத்தாளர் தம் விற்பனையை நாள்தோறும் பார்க்கலாம். மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாளில் பணம் வங்கிக்கு வந்துவிடுகிறது. பங்கு 35 விழுக்காடு அல்லது 70 விழுக்காடு. கடிதம் எழுதியும் ஆள் விட்டும் பணம் கேட்டு அலுத்துப்போன ஒரு தலைமுறைக்கு இது பணத்தோடு மரியாதையையும் தந்தது. இந்தச் சிறப்பில் பாதி, நம் பதிப்பகங்கள் செய்யத் தவறிய கடமையால் விளைந்தது என்பதைப் பதிப்பகத்தார் ஒப்புக்கொண்டாக வேண்டும். கிண்டிலைக் குறை சொல்லும் பதிப்பாளர் எவரும் முதலில் தம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டட்டும்.

குறை தொடங்குவது அந்த 35க்கும் 70க்கும் இடையில். இந்தியாவில் நடக்கும் விற்பனைக்கு 70 விழுக்காடு வேண்டுமென்றால் நூலைக் 'கேடிபி செலக்ட்' என்ற திட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்கவோ இலவசமாகத் தரவோ கூடாது. ஒரு சிறு மாதிரிப் பகுதிக்கு மட்டுமே விலக்கு. எழுத்தாளர் தாமாக மாற்றாதவரை 90 நாள் தானாகவே புதுப்பிக்கப்படும். 100 ரூபாய் நூலில் 35 ரூபாய்க்கும், அனுப்புகைக் கட்டணம் போக ஏறக்குறைய 70 ரூபாய்க்கும் உள்ள வேறுபாடே இந்தப் பிரத்தியேக உரிமைக்கான விலை. வணிக முறையில் இது ஒளிவுமறைவற்ற ஒப்பந்தம், யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால், தமிழ் எழுத்து வாழும் முறையோடு அது மோதுகிறது. இன்றைய தமிழ்ச் சிறுகதையும் கட்டுரையும் பெரும்பாலும் முதலில் வெளியாவது சொல்வனம், வல்லினம், தமிழினி போன்ற இணைய இதழ்களிலும் எழுத்தாளரின் சொந்தத் தளத்திலும்தான். அவற்றைத் தொகுத்துத் திட்டத்தில் சேர்க்கிறவர், அந்த இணையப் பக்கங்களை நீக்கச் சொல்ல வேண்டும் அல்லது விதியை மீற வேண்டும். முதலாவது, தம்மை வளர்த்த இதழுக்கு இழைக்கும் தீங்கு. இரண்டாவது, தம் கணக்கையே முடக்கக்கூடிய ஆபத்து. பதிப்பகம் கொடுக்காத சுதந்திரத்தைத் தேடி வந்தவர், பதிப்பகங்கள் பொதுவாகக் கேட்காத நிபந்தனை ஒன்றில் கையொப்பமிடுகிறார்.

மூன்றாவது அளவுகோலான வடிவச் சுதந்திரத்தில் குறை இன்னும் ஆழமானது. 2015இல் இந்தியாவுக்கு வந்த கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில், வாசகர் கடன் வாங்கிப் படிக்கும் நூலுக்கு எழுத்தாளர் பெறுவது பக்கக் கணக்கில். மாதந்தோறும் அறிவிக்கப்படும் ஒரு நிதி, படிக்கப்பட்ட மொத்தப் பக்கங்களுக்குப் பங்கிடப்படுகிறது. ஒரு பக்கத்துக்கான தொகை பைசாவில்தான் வரும். அது எவ்வளவு என்பதை முன்கூட்டி எழுத்தாளர் அறிய முடியாது. இந்தக் கணக்கில் 600 பக்கத் தொடர்கதை வாழும். 60 பக்கக் கவிதைத் தொகுப்பு வாழாது. ஒரு கவிதையை ஐந்து முறை திரும்பப் படித்த வாசகரின் உழைப்புக்கும் ஈடுபாட்டுக்கும் அங்கே கணக்கில்லை. முதல் வாசிப்பு மட்டுமே எண்ணப்படும். சுருக்கத்தைத் தன் உயர்ந்த அழகியலாகக் கொண்ட ஓர் இலக்கிய மரபில், நீளத்துக்குப் பணம் தரும் முறையை எழுத்தாளர் தம் முதன்மை வருவாயாக்கிக்கொண்டால் எழுத்து மெல்ல எந்தத் திசையில் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. யாரும் கட்டாயப்படுத்துவதில்லை என்பது உண்மை. கட்டாயமில்லாமல் நிகழும் சாய்வை எழுதுபவரே கவனிக்கத் தவறுவார் என்பதும் உண்மை.

தமிழ்ப் பதிப்புலகம் இந்தப் பாடத்தை ஏற்கனவே ஒரு முறை படித்திருக்கிறது. பல பத்தாண்டுகள் நம் பதிப்பகங்களின் பெரிய வாங்குநர் ஒருவரே: தமிழ்நாடு அரசின் நூலகத் துறை. அங்கும் விலை பாரம் கணக்கில், 16 பக்கம் ஒரு பாரமென்று, அளந்தே நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கொள்முதல் ஆணையால் நன்மை இல்லாமலில்லை. சிறு பதிப்பகங்கள் பிழைத்தன. சிற்றூர் நூலகங்களுக்குப் புது நூல்கள் போயின. ஆனால், ஆணையை மட்டுமே குறிவைத்து அச்சிட்டவர்கள் வாசகரைத் தேடும் பழக்கத்தை இழந்தார்கள். ஆணை தாமதமான ஆண்டுகளில் அவர்களுடைய நூல்கள் கட்டுப் பிரிக்காமல் கிடங்கில் கிடந்தன. அதே காலத்தில் வாசகரை நேரடியாகத் தேடிப்போன பதிப்பகங்கள்தாம் நிலைத்தன, வளர்ந்தன. வாங்குபவர் அரசா தனியார் நிறுவனமா என்பது இங்கே இரண்டாம்பட்சம். விற்பனை ஒருவர் கையில் குவிந்தால், அவருடைய அளவுகோல் எழுத்தின் அளவுகோலாகிவிடுகிறது.

அளவுகோல் என்றதும் போட்டிகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அமேசானின் 'பென் டு பப்ளிஷ்' போட்டி 2018இல் தமிழையும் சேர்த்துக்கொண்டது. நெடும்படைப்புக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு என்பது தமிழ் எழுத்தாளர் கேள்விப்படாத தொகை. பல புதியவர்களை எழுத உட்கார வைத்தது என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால், நடுவர் மேசைக்குப் போகும் முன் நூல்கள் வடிகட்டப்பட்டது விற்பனை, படிக்கப்பட்ட பக்கங்கள், வாசகர் மதிப்புரை ஆகியவற்றைக் கொண்டு. நண்பர் வட்டம் பெரிதாக உள்ளவர் முதல் படியை எளிதில் தாண்டிவிடும் முறை இது. நட்சத்திரங்களின் சராசரி ஒரு நூல் எத்தனை பேருக்குப் பிடித்தது என்று சொல்லும். அதன் கட்டுக்கோப்பு எங்கே தளர்ந்தது, மொழி எங்கே பொய்த்தது என்று சொல்லாது. சிறுபத்திரிகைகள் அரை நூற்றாண்டு உழைத்து உருவாக்கிய விமர்சனப் பழக்கத்துக்கு இது மாற்றாகாது. ஒரே கடையில் மட்டும் வாழும் எழுத்தாளருக்கோ வேறு மதிப்பீடு கிடைக்கும் வாய்ப்பே சுருங்கிவிடுகிறது. கிண்டிலில் மட்டும் வந்த நூலுக்கு நம் இதழ்களில் மதிப்புரை வருவது அரிது. இதில் இதழ்களின் சோம்பலுக்கும் பங்குண்டு என்றாலும், இழப்பு எழுத்தாளருடையது.

நான்காவது அளவுகோல் நிலைபேறு. இதில் பெங்களூரே நமக்குச் சான்றுகள் தருகிறது. 2007 அக்டோபரில் கோரமங்கலாவில் புத்தகக் கடையாகவே தொடங்கிய ஃபிளிப்கார்ட், பின்னர் மின்னூல் விற்பனையிலும் இறங்கியது. 2015 டிசம்பரில் அதைக் கைவிட்டு வாடிக்கையாளர்களை கோபோ நிறுவனத்திடம் மாற்றிவிட்டது. இதே நகரத்தின் நியூஸ்ஹன்ட், பிற்காலத்து டெய்லிஹன்ட், கைப்பேசியில் சில்லறை விலைக்குத் தமிழ் மின்னூல் விற்று ஒரு புதிய வாசகர் கூட்டத்தைக் காட்டியது; பிறகு செய்திச் சேவையே போதுமென்று நூல்களை விட்டுவிட்டது. இரண்டிலும் மோசடி இல்லை. பல பொருள் விற்கும் நிறுவனத்துக்குப் புத்தகம் ஒரு பிரிவு. பிரிவு லாபம் தராவிட்டால் மூடுவது வணிக நியாயம். எழுத்தாளருக்கோ அது பிரிவு அன்று, வாழ்வு. இந்த இரு நியாயங்களும் ஒத்துப்போகும் என்று நம்பி ஒருவர் தம் படைப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் வைப்பது நம்பிக்கையாகலாம், திட்டமாகாது.

வெஸ்ட்லாண்ட் பதிப்பகத்தின் கதையை இங்கே நிதானமாக எடைபோட வேண்டும். சென்னையில் வேர்கொண்டு டாடா குழுமத்தின் கையிலிருந்த இந்தப் பதிப்பகத்தை 2016இல் அமேசான் வாங்கியது. கடைக்காரரே பதிப்பாளரானதும் அமீஷ், சேத்தன் பகத் போன்ற பெரும் விற்பனைப் பெயர்கள் முதல், ஏகா என்ற பிரிவின் வழியே வந்த இந்திய மொழி எழுத்தாளர்கள் வரை அனைவரும் ஒரே குடையின் கீழ் வந்தனர். 2022 பிப்ரவரி 1 அன்று மூடும் அறிவிப்பு வந்தது. மார்ச் இறுதியில் பதிப்பகம் நின்றது. வாசகர்கள் கிடைத்த பிரதிகளைத் தேடித் தேடி வாங்கினார்கள். உரிமைகள் எழுத்தாளர்களுக்குத் திரும்பின. அமீஷின் நூல்கள் ஹார்ப்பர்காலின்ஸுக்குச் சென்றன. அதே ஆண்டில் பெங்களூரின் பிரதிலிபி நிறுவனம் வெஸ்ட்லாண்ட் குழுவுக்கு மறுவாழ்வு தந்தது. ஆகவே இதை அழிவுக்கதையாகச் சொல்வது நேர்மையாகாது. கற்க வேண்டியது வேறு. புகழ்பெற்றவர் சில வாரங்களில் வேறு பதிப்பகம் கண்டுகொள்ள முடியும்; முதல் நூல் போட்டவர் காத்திருக்கத்தான் வேண்டும். இருவரையும் காப்பாற்றியது கையில் இருந்த உரிமையும் கடைக்கு வெளியே இருந்த வழிகளும். பெருமாள்முருகனின் 'பூனாச்சி' ஆங்கிலத்தில் வெஸ்ட்லாண்டின் கான்டெக்ஸ்ட் பிரிவில் வந்தது. தமிழ் மூலம் காலச்சுவடு வெளியீடு. ஆங்கிலப் பதிப்பின் வீடு ஆடியபோது தமிழ் மூலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் ஒரே கையில் இருந்திருந்தால் இப்படிச் சொல்ல முடியாது.

கடை மூடாமல் இருக்கும்போதும் நிலைபேறு உறுதியில்லை. 2009இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்களின் ஒரு பதிப்பு, உரிமைச் சிக்கல் காரணமாக, வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கிய கருவிகளிலிருந்தே நீக்கப்பட்டது. நிறுவனம் பின்னர் வருத்தம் தெரிவித்தது. 2023 ஜூன் 30 அன்று சீனாவின் கிண்டில் கடை முழுவதும் விற்பனையை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில், வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதி நீக்கப்பட்டது. இப்படி, நூலின் பிரதி வாசகரிடமும் இல்லை, நூலகத்திலும் இல்லை, நிறுவனத்தின் கிடங்கில் மட்டும் இருக்கிற நிலை உருவாகிறது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சு நூலின் பிரதி கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும் சென்னையின் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் போக வேண்டும். கிண்டிலில் மட்டும் வந்த நூலை அச்சட்டம் காணாது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், அதன் சுவடிகள் பல ஊர்களில் பல வீடுகளில் பிழைத்திருந்தமை. பல இடங்களில் பிரதி இருப்பதே தமிழில் நூல்கள் உயிர்தப்பிய வழி. ஒரே இடத்தில் பிரதியை வைப்பவர் அந்த வழியை விட்டு விலகுகிறார்.

எதிர்வாதங்கள் இரண்டு மறுமொழிக்குத் தகுதியானவை. ஒரே பதிப்பகத்தைச் சார்ந்திருப்பதும் ஒற்றைச் சார்புதானே என்பது முதலாவது. ஒரு பாதி சரி. உரிமையை முழுவதுமாக எழுதிவாங்கிக்கொள்ளும் பதிப்பகம் கிண்டிலைவிட மோசமானது. ஆனால், பதிப்பகம் ஒன்றாக இருந்தாலும் அதன் நூல் பல கடைகளிலும் காட்சிகளிலும் நூலகங்களிலும் விற்கிறது. அங்கே சார்பு ஒரு முனையில் மட்டும். கிண்டிலில் அச்சகமும் கடையும் கணக்காளரும் விமர்சன மேடையும் ஒருவரே. சட்டம் காக்கும் என்பது இரண்டாவது. அமேசான், ஃபிளிப்கார்ட் நிறுவனங்கள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. கர்நாடக உயர்நீதிமன்றம் முதலில் தடை விதித்து, 2021இல் நிறுவனங்களின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. முக்கியமான வழக்கு, ஆயினும் அதன் அக்கறை விற்பனையாளர்களுக்கிடையிலான பாரபட்சமும் சந்தை ஆதிக்கமும். தாமாக முன்வந்து பிரத்தியேக உரிமை கொடுத்த எழுத்தாளரை அந்த வழக்கு மீட்காது.

இன்னும் ஒரு குறை நான்கு அளவுகோல்களுக்கும் அடியில் ஓடுகிறது: கிண்டிலில் விற்கும் எழுத்தாளருக்குத் தம் வாசகர் யாரென்று தெரியாது. எண்ணிக்கை தெரியும், பெயரோ முகவரியோ கிடைக்காது. நாளை கடை தன் தேடல் வரிசையை மாற்றினால், நேற்று வாங்கிய 500 பேரிடம் "என் அடுத்த நூல் இங்கே கிடைக்கும்" என்று சொல்ல வழியில்லை. சிவாஜிநகர் எழுத்தாளருக்கு இந்தக் குறை இரட்டிப்பாகிறது. அவருடைய வாசகர்களில் சிலர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம். அவர்களைத் தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்கு அழைக்கக்கூட அவரால் முடியாது. உலகத் தமிழரை எட்டியவர் உள்ளூர்த் தமிழரை அறியாமலே போகிறார். சிறுபான்மை மொழிச் சூழலில் ஓர் எழுத்தாளருக்கு உள்ளூர் வாசகர் வட்டத்தைவிட அரிய சொத்து இல்லை.

தீர்ப்புக்கு வரலாம். வீச்சில் கிண்டில் முழுத் தேர்ச்சி, வருவாயிலும் கணக்கு நேர்மையிலும் பிரத்தியேக நிபந்தனையால் குறைவுபட்ட தேர்ச்சி, வடிவச் சுதந்திரத்தில் தேறவில்லை, நிலைபேற்றில் தேறவில்லை. இதை எல்லா எழுத்தாளருக்கும் ஒரே மாதிரி பொருத்துவது பிழை. நீண்ட குடும்ப நாவல், துப்பறியும் நாவல் எழுதி அதன் வருவாயால் வாழ்பவர் 90 நாள் திட்டத்தைக் கணக்குப் பார்த்து ஏற்கலாம். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவைத்து ஒவ்வொரு தவணையிலும் மீண்டும் முடிவெடுக்கட்டும். கவிஞருக்கும் விமர்சகருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அந்தத் திட்டத்தில் பெறுவது சொற்பம், இழப்பது மிகுதி. அவர்கள் 35 விழுக்காட்டை ஏற்றுக்கொண்டு பிற கடைகளையும் இணைய இதழ்களையும் திறந்து வைத்திருப்பதே தகும். வரலாறு, சமூக ஆவணம், உள்ளூர் ஆய்வு எழுதுபவர் மின்னூலை மட்டும் நம்புவது தம் நூலின் நோக்கத்துக்கே முரண்.

சிவாஜிநகரிலிருந்து எழுதுகிறவர் செய்யக்கூடியதும் இன்று கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கேட்டால் அச்சிடும் முறையில் சில பத்துப் பிரதிகளைக்கூட அச்சிட, பெங்களூரில் 2008 முதல் போத்தி.காம் இருக்கிறது, சென்னையில் நோஷன் பிரஸ் இருக்கிறது. அந்தப் பிரதிகளில் சில கன்னிமாராவுக்கும் அல்சூர்த் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் போகட்டும். மூலக் கோப்பு எழுத்தாளரிடம் இருக்கட்டும். ஒப்பந்தம் எதுவானாலும் உரிமை திரும்பும் நாள் அதில் எழுதப்பட்டிருக்கட்டும். வாசகரின் மின்னஞ்சல் பட்டியலை முதல் நூலிலிருந்தே சேர்க்கட்டும். இவற்றுக்குச் செலவு உண்டு, உழைப்பு உண்டு, 100 ரூபாயில் 35 ரூபாய் இழப்பும் உண்டு. அந்த இழப்பு சுதந்திரத்துக்கான விலை. தெரிந்தே கொடுக்கத் தக்க விலை.

தமிழ் எழுத்துக்கு இதுவரை கிடைத்த கடைகளில் வீச்சாலும் கணக்காலும் சிறந்தது கிண்டில் என்று தயங்காமல் சொல்வேன். பதிப்பகம் செய்ய வேண்டிய நான்கு வேலைகளில் இரண்டை அது செய்யவில்லை, செய்வதாக வாக்களிக்கவும் இல்லை. அந்த இரண்டும் எழுத்தாளரின் பொறுப்பு. அவற்றையும் கடையிடம் ஒப்படைத்தவருக்கு நூல் விற்கும், ஆனால் நூல் அவருடையதாக இருக்காது. கடையாக அதை ஏற்கலாம். ஒரே இருப்பிடமாக ஏற்கக் கூடாது.